ஏழு வீட்டுக்கு ஒரு வருத்தம்

சிங்காரவேலுவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் செய்த காரியத்துக்கு விரல் கொடுத்தவள் நான் என்று நினைத்தால் இன்னும் அதிகமாக வருகிறது. ஆறப்போடு, மறந்துவிடு என்று சொன்னவர்கள் உண்டு. ஆறப்போட்டுப் பார்த்தேன், ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஹபீபுன்னிசா. மன்னார்குடியில் தாலுகா ஆபீஸுக்கு எதிர்ச்சந்தில் என் அத்தா அஹமது கபீர் ஒரு தட்டச்சுக் கடை வைத்திருந்தார். அவர் மவுத்தான பிறகு கடையும் இரண்டு மெஷின்களும் என் கைக்கு வந்தன. பெண்பிள்ளை கடையில் உட்காருவதாவது என்று முத்துப்பேட்டையிலிருந்து பெரியத்தா வந்து ஒரு பகல் முழுக்கச் சத்தம் போட்டார். அவருக்காகக் கடையின் குறுக்கே ஒரு திரையைக் கட்டி, உள்ளே உட்கார்ந்து அடித்தேன். அடுத்த வருஷம் திரை கிழிந்தது. புதிது வாங்கவில்லை.

என் கடைக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது. மறுப்புக் கடிதமா, ஹபீபுன்னிசாவிடம் போ என்பார்கள். இல்லை, முடியாது, தர இயலாது என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் மனம் நோகாமல் சொல்ல எனக்கு வரும். அத்தா வைத்திருந்த கடிதப் புத்தகத்தில் மறுப்புக்கென்றே ஒரு அத்தியாயம் இருந்தது. அதை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். எதிராளியின் நிலையை முதலில் ஒப்புக்கொள். பிறகு வருத்தத்தை வை. அதற்குப் பிறகுதான் இல்லை என்று சொல். ஒரு கடிதத்துக்கு ஒரு வருத்தம் போதும். இரண்டாவது போட்டால் முதலாவதும் பொய்யாகத் தெரியும். ரிக்ரெட்ஃபுல்லி என்று எழுதினால் எழுதுகிறவரே வருத்தப்படுகிறார் என்று பொருள். ரிக்ரெட்டப்ளி என்று எழுதினால் நடக்கிற காரியம் வருத்தத்துக்குரியது என்று மட்டும்தான் பொருள். யார் வருத்தப்படுகிறார்கள் என்று யாரும் கேட்க முடியாது. ஆபீஸ் கடிதத்துக்கு இரண்டாவதுதான் பொருத்தம். இந்த வித்தியாசம் தெரிந்தவள் தாலுகாவிலேயே நான் ஒருத்திதான் என்று எனக்குத் தலைக்கனம் வேறு. யாருமே வருத்தப்படாமல் வருத்தம் தெரிவிக்க ஒரு மொழியில் வசதி இருக்கிறதே, அது எவனுக்குப் பயன்படும் என்று ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை.

குடியிருப்புச் சட்டம் வந்த மறுவருஷம் அது. மிராசுதாரின் இடத்தில் குடிசை போட்டுக் குடியிருக்கும் வயல்வேலைக்காரருக்கு அந்த மனையே சொந்தம் என்றது சட்டம். ஆனால் அதிகாரி நேரில் வந்து பார்க்க வேண்டும். ஆள் இருக்கிறது, அடுப்பு எரிகிறது என்று அவர் எழுதிக்கொண்டால்தான் மனை கிடைக்கும். அதனால் அந்த மாசி மாதம் ஒவ்வொரு ஊரிலும் அதிகாரியின் ஜீப் எப்போது வரும் என்பதே பேச்சாக இருந்தது.

நெடுவாக்காலில் அப்படி ஏழு குடிசைகள். மன்னார்குடியிலிருந்து பத்து மைல். மனை முழுவதும் மிராசுதார் தியாகராசனுக்குச் சொந்தம். அவர் குடியிருந்தது மன்னார்குடியில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இரண்டு கட்டு வீட்டில். ஆட்சி மாறிய வருஷமே துண்டின் கரையை மாற்றிக்கொண்டவர். மேடையில் ஏறினால், ஆபீஸில் தமிழ், பள்ளியில் தமிழ், கோயிலில் தமிழ் என்று மைக்கு கதறும். அவருடைய பண்ணைக் காரியக்காரர்தான் சிங்காரவேலு. நிலத்தைப் பார்ப்பது, ஆளைப் பார்ப்பது, கோர்ட்டைப் பார்ப்பது எல்லாம் அவர்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை சிங்காரவேலு என் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, ஏழு லெட்டர் அடிக்கணும். எல்லாம் ஒண்ணுதான், பேரை மட்டும் மாத்திக்க. நெடுவாக்கால்ல களத்தைப் பெருசு பண்ணப் போறோம். மனையைக் காலி பண்ணிக் குடுக்கச் சொல்லி எழுது."

"அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதேங்க. தமிழ்லயே எழுதிக்கலாமே."

"இங்கிலீஷ்ல இருந்தாத்தான் கோர்ட்டுல நிக்கும்."

மேடையில் தமிழ், கோர்ட்டுக்கு இங்கிலீஷ். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கே கோபம் வந்திருக்க வேண்டும்.

"மிரட்டுற மாதிரி இருக்கக் கூடாது பாத்துக்க," என்றார். "வருத்தம் நல்லாத் தெரியணும். ரெண்டு எடத்துல வரட்டும்."

"ரெண்டு எடத்துல போட்டா தப்புங்க. ஒண்ணுதான் போடணும்."

"அப்ப அந்த ஒண்ணு கனமா இருக்கட்டும். நீ போட்டா கனமாத்தான் இருக்கும்."

அந்தப் புகழ்ச்சிக்கு நான் குளிர்ந்துபோனேன். உள்ளதைச் சொல்கிறேன், மறைக்கவில்லை. காகிதத்தைச் செருகிக்கொண்டே, "எத்தனை வருஷமா இருக்காங்க அந்த வீட்டுல?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு?"

"அவங்க நெலமையை மொதல்ல ஒத்துக்கணும். அப்பறம்தான் இல்லேன்னு சொல்லணும். அதுதான் மரியாதை."

"இருபது இருபத்திரண்டு வருஷம் இருக்கும். போட்டுக்க போ. இன்னைக்குத் தபால்லயே போகணும். புதன்கிழமை அவங்க கையில இருக்கணும்."

இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தாங்கள் மேற்படி வீட்டில் குடும்பத்துடன் வசித்துவருவதை நாங்கள் நன்கு அறிவோம் என்று தொடங்கினேன். அடுத்த பத்தியின் தலையில் ரிக்ரெட்டப்ளி என்று போட்டு, ஒரு கமாவும் போட்டேன். களம், நெல், இடநெருக்கடி, காலி செய்து உதவவும். ஏழு கடிதமும் ஒரு பிழை இல்லாமல் முடிந்தன. கார்பன் பிரதிகளை வழக்கம்போலக் கோப்பில் செருகினேன். தியாகராசனின் கையெழுத்தோடு பதிவுத் தபாலில் அவை அன்றே போயின.

புதன்கிழமை மத்தியானம் அந்தக் கடிதங்களில் ஒன்று என்னிடமே திரும்பி வந்தது. ஆங்கிலத்தில் தபால் வந்தால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எங்கள் சந்துக்குத்தான் வருவார்கள். அடித்தவளே படித்துச் சொல்வதும் உண்டு. அதில் நான் எந்தத் தப்பையும் கண்டதில்லை. கடிதத்தைக் கொண்டுவந்தவள் நீலாம்பாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும், நடவு நட்டே முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. அவள் புருஷன் மருதையன் படியேறாமல் வாசலில் நின்றார். அவர் செங்கொடிச் சங்கத்தில் இருந்தவர்.

"டைப்பம்மா, தபால்காரரு கைநாட்டு வாங்கிட்டுக் குடுத்தாரு. ஏழு வீட்டுக்கும் வந்திருக்கு. என்னா எழுதியிருக்குன்னு சொல்லுங்க," என்றாள்.

படித்துச் சொன்னேன். காலி செய்யச் சொல்கிறார்கள் என்றதும் அவள் முகம் வெளிறியது. எனக்குப் பொறுக்கவில்லை. நான் அடித்த அழகான கடிதம் ஒருத்தியை அப்படி அடிக்கலாமா.

"ஆனா அக்கா, கோவமா எழுதல. அய்யா ரொம்ப வருத்தப்பட்டு எழுதியிருக்காங்க," என்றேன்.

அய்யா என்ற வார்த்தையை நான் சேர்த்தேன். ஆங்கிலத்தில் அங்கே ஆள் கிடையாது. ஆள் இல்லாத வருத்தத்தை அவளிடம் எப்படிச் சொல்வது? வாய் தானாக ஒரு ஆளைச் சேர்த்துக்கொண்டது.

"அவங்களே வருத்தப்படுறாங்களா? நெசமாவா?"

"காலி பண்ணுங்கன்னு சொல்ற எடத்துல மொத வார்த்தையே அதுதான். இந்தா பாருங்க." கடிதத்தைத் திருப்பி, ரிக்ரெட்டப்ளி என்ற வார்த்தையின்மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவளும் விரலை வைத்தாள். வார்த்தை எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று தடவிப் பார்த்தாள்.

வாசலிலிருந்து மருதையன் பேசினார். "மிராசுதாரு வருத்தப்பட்டு நான் பாத்ததே இல்ல. சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்."

"வருத்தப்படுறவங்ககிட்ட கொடியத் தூக்கிட்டுப் போனா வருத்தம் கோவமாயிடும்," என்றாள் நீலாம்பாள். "நாம கொல்லையில போயி உக்காருவோம்."

கொல்லையில் உட்காருவது என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. மிராசுதார் கோபமாகச் சொன்னது மாறாது. அதற்குப் போனால் அடிதான் கிடைக்கும். ஆனால் மனம் வருந்திச் சொன்னார் என்று தெரிந்தால், குறையுள்ளவர்கள் அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் போய் உட்காரலாம். உட்கார்ந்தால் அவர் இறங்கிவந்து பேச வேண்டும். கொல்லையில் சோறு போட்டுவிட்டால் காரியம் பாதி பழம். ஒரே ஒரு கட்டுப்பாடு. குடும்பத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் வர வேண்டும். கைக்குழந்தை, படுக்கையில் கிடக்கும் கிழவர், கோழிக்கூடை எல்லாம். வீட்டில் ஒருத்தரை விட்டுவிட்டு வந்தால் குறை பொய் என்று ஆகிவிடும்.

கூலிச் சண்டையில் குடிசைகள் எரிந்த வருஷங்கள் அவை. அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்டதற்கு மண்டை உடைந்த ஊர்கள் சுற்றிலும் இருந்தன. அந்தக் காலத்தில் ஒரு மிராசுதார் வருத்தப்படுகிறார் என்றால் அது சின்ன விஷயமா? நீலாம்பாள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு இன்னும் என் மேலே கிடக்கிறது.

மறுநாள் விடிந்ததும் ஏழு வீடும் கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு நடந்திருக்கின்றன. மருதையனும்தான். அவர் ஒருத்தர் தங்கினாலும் எல்லோருடைய குறையும் பொய்யாகுமே. தியாகராசன் வீட்டுக் கொல்லையில் அவர்களை வரவேற்றது சிங்காரவேலு.

"எடம் இருக்கு, உக்காருங்க. அய்யா வர நேரமாகும்," என்றாராம்.

வியாழன் போயிற்று. அய்யா கும்பகோணம் போயிருக்கிறார் என்றார். வெள்ளிக்கிழமை பகல் பெரிய கொப்பரையில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்தன. சிங்காரவேலு தன் கையாலேயே பரிமாறினாராம். காரியம் பலித்துவிட்டது என்று நீலாம்பாள் அழுதாளாம். சனிக்கிழமை சாயங்காலம், அய்யா வர இன்னும் பத்து நாளாகும், போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

ஊருக்குத் திரும்பியபோது ஏழு வாசலிலும் பண்ணை மாடுகள் கட்டியிருந்தன. கதவுக்கயிறு அறுந்து கிடந்தது. உள்ளே அடுப்புகளை இடித்து வைக்கோல் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பகல், இவர்கள் குழம்புச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், அதிகாரியின் ஜீப் நெடுவாக்காலுக்கு வந்து போயிருந்தது. ஏழு மாட்டுக் கொட்டகைகள், குடியிருப்பவர் எவரும் இல்லை என்று எழுதியாகிவிட்டது. தலையாரி ரகசியமாகச் சொல்லித்தான் இவர்களுக்கே தெரியும்.

திங்கட்கிழமை நீலாம்பாள் மறுபடியும் என் கடைக்கு வந்தாள். இந்தத் தடவை படியேறி உள்ளே வந்து, நடந்ததை முழுக்கச் சொன்னாள். சத்தம் போடவில்லை. முடிவில் அந்தக் கடிதத்தை எடுத்து மெஷின்மேல் வைத்தாள்.

"டைப்பம்மா, அன்னைக்கு நீங்க படிச்சது சரிதானா?"

படித்தது சரி. அடித்ததும் சரி. இலக்கணம், கமா, மரியாதை எல்லாம் சரி. வருத்தம் நல்லாத் தெரியணும். புதன்கிழமை கையில் இருக்கணும். சிங்காரவேலு சொன்ன இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எதற்காக அடிக்கச் சொன்னார் என்று புரிந்தது.

"சரியாத்தான் படிச்சேன் அக்கா. ஆனா பொய்யைச் சரியாப் படிச்சேன்," என்றேன். அவள் கடிதத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டு போனாள்.

நல்லவேளை, அன்று சாயங்காலமே சிங்காரவேலு வேறொரு வேலையோடு வந்தார். நானாகத் தேடிப் போயிருந்தால் தெருவில் வைத்து ஏதாவது பேசிக் காரியத்தைக் கெடுத்திருப்பேன்.

"அதிகாரி வர்ற தேதி உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய ஆளாக என்னை அவர் மதிக்கவில்லை.

"தெரியாமயா அவ்வளவு அவசரமா அடிக்கச் சொன்னேன்? போங்கடான்னா போகமாட்டானுங்க. வருத்தப்பட்டாத்தான் வருவானுங்க, குடும்பத்தோட வருவானுங்க. எங்க அப்பா காலத்துலேர்ந்து அந்தக் கொல்லையில சோறு போட்டவன் நான், எனக்குத் தெரியாதா? உன் எழுத்து நல்லா வேலை செஞ்சுது தங்கச்சி."

"வெளிய போங்க."

"என்னா?"

"இனிமே இந்தக் கடையில உங்களுக்கு ஒரு எழுத்துகூட அடிக்கமாட்டேன். வெளிய போங்க."

"பண்ணை வேலை இல்லாம இந்தக் கடை எத்தனை நாளைக்கு ஓடும்னு பாக்குறேன்," என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார். மரியாதையான மறுப்பில் பேர் வாங்கியவள் நான். அன்றைக்கு வருத்தம் இல்லாமல், காரணம் சொல்லாமல் ஒருவரை மறுத்தேன். அதில் இருந்த சுகத்தை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

ஆனால் சுகத்தால் வீடு திரும்பி வருமா? கோபத்தில் கோப்பை இழுத்து, அந்தக் கடிதத்தின் கார்பன் பிரதியைக் கிழித்துப்போடத்தான் எடுத்தேன். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படித்தேன். என் கண் ரிக்ரெட்டப்ளிக்கு மேலே இருந்த வரியில் நின்றது. இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தாங்கள் மேற்படி வீட்டில் குடும்பத்துடன் வசித்துவருவதை நாங்கள் நன்கு அறிவோம். கீழே மிராசுதார் தியாகராசனின் கையெழுத்துக்கான இடம். அவர் கையெழுத்துப் போட்ட மூலக்கடிதம் நீலாம்பாளிடம் இருக்கிறது, பதிவுத் தபால் முத்திரையோடு.

மாட்டுக் கொட்டகைக்கு எவனாவது பதிவுத் தபால் அனுப்புவானா?

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நெடுவாக்கால் போனேன். ஏழு வீட்டாரும் மாடுகளை அவிழ்த்துவிட்டு, அடுப்பைத் திரும்பப் போட்டு உள்ளே போயிருந்தார்கள். ஏழு கடிதத்தில் ஐந்து பத்திரமாக இருந்தன. ஒன்றை மாடு தின்றிருந்தது, ஒன்று அடுப்புக்குப் போயிருந்தது. வழியெல்லாம் உளுந்து பூத்திருந்தது, பார்க்கிற மனநிலையில் நான் இல்லை. மருதையன் சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினார். மறுவிசாரணை கேட்டு மனுவைத் தமிழில் எழுதினோம். நான் சொன்ன முதல் வரியில், தங்கள் மேலான சமூகத்துக்கு மிகத் தாழ்மையுடன் என்று இருந்தது. மருதையன் அதை எடுக்கச் சொன்னார்; எடுத்துவிட்டேன்.

விசாரணை பங்குனி முதல் வாரம் நடந்தது. சிங்காரவேலு ஒரு வக்கீலோடு வந்திருந்தார். அதிகாரி நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். ஐந்து கடிதங்களையும் வரிசையாக வைத்துப் படித்தார். பிறகு சிங்காரவேலுவைப் பார்த்தார்.

"வசித்துவருவதை நன்கு அறிவோம்னு போட்டிருக்கு. உங்க மொதலாளி கையெழுத்துதானே?"

"கையெழுத்து அய்யாவோடதுதாங்க. அந்த வரி சும்மா மரியாதைக்குப் போட்டது. டைப் அடிக்கிற பொண்ணு தானாச் சேத்துக்கிச்சு."

அதிகாரி என்னைப் பார்த்தார். எழுந்து நின்றேன்.

"நானாச் சேக்கலைங்க. எத்தனை வருஷம்னு கேட்டேன். இருபத்திரண்டுன்னு இவங்கதான் சொன்னாங்க. சொல்லாம எனக்கு எப்படித் தெரியும்? நான் நெடுவாக்காலை அதுக்கு முன்னாடி பாத்ததுகூட இல்ல."

"இந்த வரி மரியாதைக்குன்னா, கீழ இருக்கிற வருத்தம் எதுக்கு?" என்று அதிகாரி சிங்காரவேலுவிடமே கேட்டார். அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூரையைப் பார்த்தார். வரும் வெள்ளிக்கிழமை தானே மறுபடியும் நேரில் வந்து பார்ப்பதாக எழுதிவிட்டு அதிகாரி எழுந்துவிட்டார்.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. செவ்வாய்க்கிழமை நீலாம்பாளும் மருதையனும் இன்னொரு பதிவுத் தபாலோடு வந்தார்கள். தஞ்சாவூரில் யாரோ அடித்த ஆங்கிலக் கடிதம். ரிக்ரெட்டப்ளி, ரிக்ரெட்ஃபுல்லி, அன்ஃபார்ச்சுனேட்லி என்று மூன்றையும் ஒரே பக்கத்தில் வாரிக் கொட்டியிருந்தான் மகராசன். நடந்தது வருந்தத்தக்க தவறான புரிதல். வாய்க்கால் கரையில் வேறு மனை தருகிறோம். பேசி முடிக்க, வெள்ளிக்கிழமை காலை அனைவரும் குடும்பத்துடன் மன்னார்குடி வீட்டுக்கு வந்து சேரவும்.

ஒரே வலையை அதே மீனுக்கு இரண்டாவது தடவையும் வீசுகிறார்கள். அவ்வளவுதான் இவர்கள் மேல் இருக்கும் மதிப்பு. இந்தத் தடவை நான் ஒரு வார்த்தையும் சேர்க்காமல், குறைக்காமல் படித்தேன்.

"வாய்க்கால் கரையில ஐப்பசிக்கு இடுப்பளவு தண்ணி நிக்கும்," என்றார் மருதையன்.

நீலாம்பாள் வேறு எதையும் பேசவில்லை. "பதில் அடிங்க டைப்பம்மா. அவங்க பாஷையிலயே அடிங்க. நாங்க வரமாட்டோம். பாக்கணும்னா அவங்க எங்க வீட்டுக்கு வரட்டும். அவ்வளவுதான்."

காகிதத்தைச் செருகினேன். பதினோரு வருஷப் பழக்கம். மனம் கொதித்துக்கொண்டிருந்தாலும் விரலுக்குத் தெரிந்தது ஒரு வழிதான். இரண்டு வரியில் முடித்து, உருவி, அவளிடம் நீட்டினேன். கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் திறந்தேன்.

அவள் மையைத் தொடவில்லை. காகிதத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் மட்டுமல்ல, தமிழிலும் ஒரு எழுத்து தெரியாது. முதல் வார்த்தையின்மேல் விரலை வைத்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை மெதுவாகத் தடவினாள்.

"இது அதுதானே?"

"எது அக்கா?"

"அன்னைக்கு நீங்க காட்டுனீங்களே. மொத வார்த்தை. விசாரணை வரைக்கும் பதினெட்டு நாளு அந்தக் காயிதத்தை மடியில வச்சிருந்தேன், எனக்குத் தெரியாதா? இது எதுக்கு இங்க வந்துச்சு?"

"சும்மா மரியாதைக்கு..." என்று ஆரம்பித்தேன். சிங்காரவேலு விசாரணையில் சொன்ன அதே வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. கோவந்தான் இருக்கு," என்றாள் நீலாம்பாள். "இல்லாததை எம் பேருல எழுதாதீங்க. எடுத்துடுங்க அதை."

அந்தக் காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டுப் புதிதாக அடித்தேன். நாங்கள் வரமாட்டோம். எங்களைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் வீட்டுக்கு வரவும். நான் அடித்ததிலேயே சின்னக் கடிதம் அதுதான். ஏழு வீட்டுக்கும் ஏழு கைநாட்டு வாங்கி, அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை நானும் நெடுவாக்கால் போயிருந்தேன். ஏழு குடிசையிலும் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. கிழவர்களைக் கயிற்றுக்கட்டிலோடு வாசலில் போட்டிருந்தார்கள். ஒரு ஆள் தண்ணீருக்குக்கூடப் போகவில்லை. பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. பின்னாலேயே ஒரு வில்வண்டியில் சிங்காரவேலு, ஆட்சேபணை சொல்ல. தியாகராசன் வருவதாகச் சொல்லியிருந்தார், வரவில்லை.

அதிகாரி ஒவ்வொரு வீடாகக் குனிந்து உள்ளே போனார். பானையைப் பார்த்தார், உறியைப் பார்த்தார், அடுப்பைக் கையால் தொட்டுப் பார்த்தார். வயது கேட்டு, பேர் கேட்டு, நிதானமாக எழுதினார். குடியிருப்பவர், நீலாம்பாள், கணவர் மருதையன் என்று அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதியது என் காதில் விழுந்தது. ஏழும் முடிய மூன்று மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் சிங்காரவேலு பங்குனி வெயிலில் நின்றார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. குடையை மறந்துவிட்டு வந்திருந்தார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவர் மேல்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, நிழல் எங்காவது இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தார். நீலாம்பாள் தன் வாசலில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் பேசினாள்.

"கொல்லையில எடம் இருக்கு, உக்காருங்க. அய்யா வர நேரமாகும்."